கோச்சைத் தூக்குவதற்கு முன்

மார்ச் 2025

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதப் பகுதியில் கொளத்தூர் வாசகர் ஒருவர் எழுதியதைப் படித்தேன். நம் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனை 13 அணிகளில் 11ஆவதாக முடித்துவிட்டது, ஆகவே கோச் ஓவன் கொய்லை உடனே தூக்க வேண்டும் என்கிறார். சின்னக் கடிதம்தான். அதற்குள் 'தூக்க வேண்டும்' மூன்று முறை வருகிறது. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அதே கேலரியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பட்டறையில் கோச்சை, அதாவது ரயில் பெட்டியை, தூக்குவது அன்றாட வேலை. அதற்கென்றே லிஃப்டிங் ஷாப் உண்டு. பெரிய பராமரிப்புக்கு வரும் ரயில் பெட்டியை இரண்டு கிரேன்கள் இரண்டு முனையிலும் பிடித்து அப்படியே அந்தரத்தில் தூக்கும். கீழே இருக்கிற இரண்டு போகிகளையும் (சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டங்கள்) உருட்டி வெளியே எடுத்துவிட்டு, பெட்டியைத் தாங்கிகள் மேல் இறக்கி வைப்பார்கள். அப்புறம் எங்கள் கண்ணெல்லாம் போகி மேல்தான். சக்கரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, சட்டத்தில் விரிசல் உண்டா என்று கையால் தடவித் தடவிப் பார்ப்போம். 'பெட்டி ஆடுகிறது, ராத்திரி தூங்க முடியவில்லை' என்று பயணிகள் புகார் எழுதியிருப்பார்கள். பெட்டிமேல் ஒரு குற்றமும் இருக்காது. சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்திருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று தண்டவாளத்தில் அடிக்கும். பெட்டியைத் தூக்குவதே அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். தூக்கிவிட்டு வேறு பெட்டியைக் கொண்டுவந்து அதே சக்கரத்தின் மேல் உட்கார வைத்தால் எங்கள் மேஸ்திரி விட்டுவைப்பாரா?

நம் கால்பந்து கோச்சுக்கு மட்டும் அந்த மேஸ்திரி கிடைக்கவில்லை. 2020-21இல் சாபா லாஸ்லோ வந்தார், 8ஆம் இடம். 2021-22இல் பொசிதார் பாண்டோவிச் வந்தார். எஃப்சி கோவாவிடம் 5-0 என்று வாங்கிக்கட்டிக்கொண்ட மறுநாளே அவரை அனுப்பினார்கள். மிச்ச ஆட்டங்களை நம் ஊர் சையது சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். 8ஆம் இடம். 2022-23இல் தாமஸ் பிரடாரிச் வந்தார், மறுபடியும் 8ஆம் இடம். மூன்று வருஷம், மூன்று நாட்டுக்காரர்கள், மூன்று வெவ்வேறு ஆட்ட முறை. பட்டியலில் இடம் மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையவில்லை. முதல் இரண்டு சீசனும் கொரோனாவால் கோவாவிலேயே ஆளில்லாத மைதானங்களில் நடந்தன. டிவியில் பார்த்த எனக்கே 'டொக் டொக்' சத்தம் கேட்டது. மாற்றியவர்களுக்குக் கேட்டதா, தெரியவில்லை.

நான் ஏதோ பொறுமையின் சிகரம் என்று கொளத்தூர்க்காரர் நினைத்துவிட வேண்டாம். 2018-19 சீசன் அவருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய மார்ச்சில்தான் நம் கோச் ஜான் கிரிகரியின் அணி பெங்களூரு காந்தீரவா மைதானத்தில், பெங்களூருவையே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கி வந்திருந்தது. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோலும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அடுத்த சீசனில் அதே கிரிகரி, அதே சட்டை, அதே நேரு ஸ்டேடியம். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, கடைசி இடம். நடப்பு சாம்பியன் கடைசி இடம்! 'கிரிகரியே வீட்டுக்குப் போ' என்று தொண்டை கிழியக் கத்தினவர்களில் நானும் ஒருவன். பக்கத்து சீட்டில் இருந்த பெண், "தாத்தா, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டிற்று.

அன்றைக்கு அடியில் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? எங்கள் வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ், முந்தைய வருஷம் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் போட்டவன், முழங்கால் காயத்தில் அந்த சீசன் முழுக்க இறங்கவே இல்லை. கேப்டனாக இருந்த செரெனோ அணியில் இல்லை. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜெஜே அந்த வருஷம் லீக்கில் ஒரே ஒரு கோல். நடுவில் ஒரு கால், பின்னால் ஒரு தலை, முன்னால் ஒரு கால் போய்விட்டது. கிரிகரியின் மூளை ஒரே கோடையில் கெட்டுப்போய்விட்டது என்று நானே கத்திக்கொண்டிருந்தேன். கழகம் அவரை மாற்றவில்லை. அந்த ஏப்ரலில் அதே அணி சூப்பர் கோப்பை இறுதிவரை போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றது. நான் வாயை மூடிக்கொண்டேன். சில மாதங்களுக்குத்தான்.

ஏனென்றால் 2019-20இல் முதல் நான்கு ஆட்டங்களில் நம்மவர்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, சென்னையில். 90 நிமிடம் 0-0. எழுந்து படியிறங்கப் போனவன், கூச்சல் கேட்டுத் திரும்பினேன். அந்த இழப்பீட்டு நேரத்திலேயே மூன்று கோல். ஷெம்பிரி ஒன்று போட்டார், அவர்கள் சமன் செய்தார்கள், வால்ஸ்கிஸ் இன்னொன்று போட்டார், 2-1. அடுத்த ஆட்டம் ஒடிசாவோடு சமன். நவம்பர் முடிவதற்குள் கிரிகரி விலகிவிட்டார். வந்தவர்தான் இந்தக் கொய்ல். பட்டியலின் அடியில் கிடந்த அணி நான்காவதாக முடித்தது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டியது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா வந்து கதவைச் சாத்திய கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 என்று இறுதியில் தோற்றது. வால்ஸ்கிஸுக்கு 15 கோல், தங்கக் காலணி.

'பார்த்தீர்களா, கோச் மாறினார், அணி மாறியது' என்று கொளத்தூர்க்காரர் இதைத்தான் சாட்சிக்கு இழுப்பார். இழுக்கட்டும். எனக்கு எதிரான சாட்சியிலேயே பலமானது இதுதான், மறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்பிரி மூன்று பேரும் கிரிகரி இருக்கும்போதே வந்து இறங்கியவர்கள். கொய்ல் புதிதாக ஒரு சக்கரமும் வாங்கவில்லை. நல்ல சக்கரம் தண்டவாளத்தில் உட்காராமல் நின்றிருந்தது, அவர் உட்கார வைத்தார். அப்படிப்பட்ட நேரத்தில் மாற்றுவது சரி. 2018-19இல் சக்கரமே இல்லை. அப்போது மாற்றியிருந்தாலும் புதிதாக வந்தவரையும் சேர்த்துத்தான் கத்தியிருப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஸ்கோர்போர்டு இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கொய்ல் அப்புறம் என்ன ஆனார்? அந்த ஒரு சீசனோடு ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். முதல் வருஷம் அங்கே 6ஆம் இடம். அவர்கள் அவரைத் தூக்கவில்லை. இரண்டாவது வருஷம், 2022இல், லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவர்களுக்கான லீக் ஷீல்டை வென்று கொடுத்தார். அதே வருஷம்தான் நாம் பாண்டோவிச்சை வழியனுப்பிவிட்டு 8ஆவதாக நின்றோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 2023-24இல்தான் அவர் நம்மிடம் திரும்பி வந்தார், 6ஆம் இடம்.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை தினமும் நடக்கும். பேரன் மான்செஸ்டர் யுனைடெட் கட்சி. "தாத்தா, ஃபெர்குசனுக்கு டைம் குடுத்தாங்க, அதனாலதான் ஜெயிச்சாரு" என்பான். ஃபெர்குசனை இழுக்காமல் இந்தப் பேச்சை யாராலும் முடிக்க முடியாது போலிருக்கிறது. நான் திருப்பிக் கேட்பேன்: "அவர் 2013இல் ஓய்வு பெற்றதும் உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்?" மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஸ்கியார், டென் ஹாக், அப்புறம் அமோரிம். இடைக்காலத்துக்கு வந்தவர்களை விட்டுவிட்டே ஆறு பேர். லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. அவன் உடனே செல்சியைக் காட்டுவான். 2012 மார்ச்சில் விலாஸ்-போவாஸைத் தூக்கினார்கள், மே மாதம் டி மாட்டேயோ சாம்பியன்ஸ் லீக் கோப்பையோடு நின்றார். உண்மைதான். அதே டி மாட்டேயோவை அதே நவம்பரில் தூக்கினார்களே, அதை அவன் சொல்வதில்லை. நம் லீக்கிலேயே 2020 ஜனவரி முடிவில் கோவா, முதலிடத்துக்கு மோதிக்கொண்டிருக்கும்போதே செர்ஜியோ லொபேராவை வெளியே அனுப்பியது. மிச்சத்தை கிளிஃபோர்டு மிராண்டா ஓட்டி ஷீல்டையும் வாங்கினார். லொபேரா மும்பைக்குப் போய் அடுத்த சீசனில் ஷீல்டு, கோப்பை இரண்டையும் அள்ளினார். அந்த முடிவு சரியா தப்பா என்று எனக்கும் பேரனுக்கும் ஐந்து வருஷமாகத் தீரவில்லை.

என் மருமகன் கணக்கு வாத்தியார். அவர் நடுவில் புகுந்து ஒரு சேதி சொன்னார். நெதர்லாந்து லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்ததை ஒரு பொருளாதார ஆய்வாளர் எடுத்துப் பார்த்தாராம். வரிசையாகத் தோற்று கோச்சை மாற்றிய அணிகள் அப்புறம் மேலே வந்தன. சரி. அதே மாதிரி வரிசையாகத் தோற்று, மாற்றாமல் விட்ட அணிகள்? அவையும் ஏறக்குறைய அதே அளவு மேலே வந்தன. "மாமா, மழை ஓய்கிற நேரத்தில் குடையை மாற்றினவன் புதுக் குடையால்தான் மழை நின்றது என்பான்" என்றார். பள்ளிக்கூடத்தில் இவரிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

அவர் சொன்னது எனக்குப் புரிய ஆய்வு தேவைப்படவில்லை. நானே தூக்கப்பட்ட கோச்தான்.

1996. பட்டறை வேலை முடிந்து சாயங்காலங்களில், சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவில் இருந்த ஒரு சின்ன கிளப்புக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, பஸ் காசும் டீயும்தான். சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் கீப்பர் பையன் மெக்கானிக் ஷெட்டில் செயினுக்குள் கையைக் கொடுத்துவிட்டான். வலது கையில் இரண்டு விரலில் கட்டு. வேறு கீப்பர் கிடையாது. நடுத் தடுப்பில் ஆடும் எங்கள் ஸ்டாப்பரின் தம்பியை நிறுத்தினோம். ஐந்தடி மூன்று அங்குலம். தரையில் வருகிற பந்துக்குப் பூனை மாதிரி பாய்வான். உயரப் பந்து வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். இதை எதிரணிகள் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டன. கார்னர் கிடைத்தால் போதும், அவன் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்கள். ஐந்து ஆட்டம், நான்கு தோல்வி, ஒரு சமன்.

ஆறாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் கிளப் செயலாளர் டீக்கடைக்கு வந்தார். பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம், அவர் கையால் யாரும் எதுவும் தின்றதில்லை. "அண்ணே, பசங்க கொஞ்சம் சோர்ந்துட்டாங்க. ஒரு மாற்றம் வேணும்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க" என்றார். கமிட்டி என்றால் அவரும் அவர் மச்சானும். பந்துகள் போட்டிருந்த வலைப்பையையும் கூம்புகளையும் அங்கேயே ஒப்படைத்தேன். விசில் வேறு சட்டைப் பையில் இருந்தது, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

புதுக் கோச் வந்தார். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். ஏரியா முழுக்க ஒரே பேச்சு: "ஆள் மாறினதும் பசங்க எப்படி ஆடுறானுங்க பாத்தியா!" நானும் நம்பினேன். எனக்குத்தான் பசங்களை முடுக்கத் தெரியவில்லை போலிருக்கிறது என்று பல வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அந்த கீப்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் வளைந்த விரலைப் பார்த்ததும் கேட்டேன், கட்டு எப்போதடா பிரித்தாய் என்று. "நீங்க போன மறுநாள்ண்ணே. ஆறாவது மேட்ச்ல நான்தான் நின்னேன்." அவனுக்கு அது சாதாரண சேதி. எனக்குக் கையில் எடுத்த பாயசம் அப்படியே நின்றது.

என் கதை போதும். இந்த சீசனுக்கு வருவோம்.

கொய்ல்மேல் குற்றமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கேலரியில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் புகார் உண்டு. புதிதாக ஐஎஸ்எல்லுக்கு வந்த முகமதன் ஸ்போர்ட்டிங் சீசன் முழுக்க ஜெயித்ததே இரண்டு ஆட்டம்தான். அதில் ஒன்று சென்னையில், நம்மோடு. கொல்கத்தாவில் அவர்களோடு 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் இரண்டு வாங்கிச் சமன் செய்துகொண்டு வந்தார்கள். ஜனவரி 30, கேரளா பிளாஸ்டர்ஸ் இங்கே வந்தபோது இடைவேளைக்கு முன்பே நம் வில்மர் ஜோர்டன் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பந்து ஒரு பக்கம் கிடக்க, தள்ளுமுள்ளு ஒரு பக்கம். மிச்ச நேரம் பத்துப் பேர், 3-1 தோல்வி. நேரு ஸ்டேடியத்தில் மஞ்சள் சட்டைக்காரர்கள் பாடிக்கொண்டே வெளியே போனார்கள். மெட்ரோவில் அவர்களுக்கு நடுவில் நீலச் சட்டையோடு நின்று வந்த எனக்குத்தான் தெரியும் அந்தப் பத்து நிமிடம். முன்னிலையைக் காப்பாற்றத் தெரியாதது, கோபத்தை அடக்கப் பழக்காதது, இவையெல்லாம் கோச் கணக்கில்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன்.

ஆனால் இதே அணிதான் நவம்பரில் ஜாம்ஷெட்பூருக்கே போய் 5-1 என்று அடித்தது. சீசனின் கடைசி ஆட்டத்தில், மார்ச் 9, அதே ஜாம்ஷெட்பூரை இங்கே 5-2. அந்த ஜாம்ஷெட்பூர் 5ஆவதாக முடித்து பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது. பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை 3-0. ஆடத் தெரியாதவர்கள் இப்படி ஆட மாட்டார்கள். வீரர்கள் கோச்சை மதிக்காமல் விட்டுவிட்டால் அது முதலில் தெரிவது, ஒன்றும் பயனில்லாத கடைசி ஆட்டத்தில்தான். தோற்றாலும் ஜெயித்தாலும் இடம் மாறாத ஆட்டத்தில் யார் ஓடுவான்? இவர்கள் ஓடினார்கள். மார்ச் 9 அன்று நான் பந்தைப் பார்த்ததைவிட, பந்து இல்லாத ஆட்களைத்தான் அதிகம் பார்த்தேன். நான் பழைய லெஃப்ட் பேக், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், பழக்கம் விடாது. 80ஆவது நிமிடத்துக்கு மேலும் முன்னால் நிற்கிறவர்கள் திரும்பி ஓடிவந்து பந்தைப் பிடுங்கினார்கள். கோச்சைக் கைவிட்ட அணி அப்படி ஓடாது. நானே அப்படி ஓர் அணியில் ஆடியிருக்கிறேன். எழுபதாவது நிமிடத்தில் எல்லோருக்கும் ஷூ லேஸ் அவிழும்.

கேலரியில் அன்றைக்குப் பாதிக்கு மேல் காலி. அதுவும் கணக்கில் வர வேண்டியதுதான்.

கொளத்தூர்க்காரர் ஐரோப்பாவில் உடனுக்குடன் தூக்குகிறார்கள் என்று எழுதியிருந்தார். அங்கே தூக்குவதற்குக் காரணம் வேறு. கீழே இறங்கினால் கோடி கோடியாகப் பணம் போகும். நம் கொய்லே அதைப் பட்டவர். 2009இல் பர்ன்லியை பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். நடுவிலேயே போல்டனுக்குப் போனார், 2012இல் போல்டன் இறங்கியது, அந்த அக்டோபரிலேயே அவரை அனுப்பினார்கள். ஐஎஸ்எல்லில் இந்த 2024-25 சீசன் வரை கீழிறக்கமே கிடையாது. 11ஆவதாக முடித்தாலும் அடுத்த வருஷம் அதே லீக், அதே நேரு ஸ்டேடியம். இறக்கம் இல்லாத லீக் நல்லதா என்பது தனிச் சண்டை, நான் நல்லதில்லை என்ற கட்சி. ஆனால் இறக்கம் இல்லை என்றால் பதற்றமும் வேண்டாமே. நிதானமாக அடியில் பார்க்க நேரம் இருக்கிறது. இருக்கிற ஒரே வசதி அது, அதையும் நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை.

2015ஐ மறந்துவிட்டோமா? பத்து ஆட்டத்தில் 10 புள்ளியோடு அடியில் கிடந்தது அன்றைய கோச் மாதராசியின் கீழ் ஆடிய நம் அணி. யாரும் அவரைத் தொடவில்லை. கடைசி நான்கு ஆட்டத்தையும் ஜெயித்து மேலே வந்தார்கள். டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கிக் கிடந்தது, சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது, அங்கே ஏடிகேயை 3-0 என்று வென்றார்கள். ஃபதோர்டாவில் இறுதி, 90ஆவது நிமிடம் வரை கோவாதான் 2-1 முன்னால். அவர்கள் கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டார், அடுத்த மூச்சில் மெண்டோசா மூன்றாவது கோல். எங்கள் தெருவில் வெள்ளம் வடிந்த சேறு இன்னும் காயவில்லை, பையன்கள் அதில் விழுந்து புரண்டார்கள். என் மனைவி உட்பட யாரும் திட்டவில்லை.

இதற்கெல்லாம் மாறாக கிரிகரி வந்த முதல் வருஷமே கோப்பை வென்றாரே என்று கேட்டால், ஆமாம், வென்றார். கோவையை வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சியும் அப்படித்தான். முந்தைய சீசனில் கீழ் வரிசையில் கிடந்தது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் வந்தார், 2019 மார்ச்சில் நாட்டின் இன்னொரு லீகான ஐ-லீக்கில் சாம்பியன். ஆனால் அங்கே அவரோடு ஸ்பெயினிலிருந்து ஆட்களும் வந்தார்கள், பெட்ரோ மான்சி ஒருவரே 21 கோல். பெட்டியும் மாறிற்று, போகியும் மாறிற்று, வண்டி பறந்தது. அதே சீசனில்தான் நாம் ஐஎஸ்எல்லில் கடைசி.

ஆகவே நான் சொல்வது இதுதான். கொய்லை இன்னொரு சீசன் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதில் தவறும் இருக்கலாம். ஆனால் தூக்குவது என்று முடிவு செய்தால் இப்போதே, மார்ச்சிலேயே செய்யுங்கள். கோடையில் அவர் கேட்ட ஆட்களை வாங்கி வைத்துவிட்டு நவம்பரில் அவரைத் தூக்காதீர்கள். ஒருவர் அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிடுகிற வேலை அது. 2019இல் அது நமக்குப் பொருந்தியது வெறும் அதிர்ஷ்டம். வருகிறவருக்கு எத்தனை சீசன் என்பதையும் முதலிலேயே வெளியே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வீரர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? கோச்சா, மேலே உட்கார்ந்திருப்பவர்களா, இல்லை ஏஜெண்டுகள் அனுப்பும் வீடியோவா? எட்டு, எட்டு, எட்டு, ஆறு, பதினொன்று என்று வந்த ஐந்து சீசனில் கோச்சுகள் நான்கு பேர். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாராவது வீட்டுக்குப் போனார்களா? உங்கள் விளையாட்டு நிருபர் இதை ஒரு முறையாவது பத்திரிகையாளர் சந்திப்பில் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் 'உங்கள் பதவிக்கு ஆபத்தா' என்று கோச்சிடம் கேட்பதில் எங்களுக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

இன்னொன்றும் கேட்கலாம். இந்த சீசனில் ஓர் ஐஎஸ்எல் அணியைத் தொடக்கம் முதல் கடைசி வரை நடத்திய இந்தியர் ஜாம்ஷெட்பூர் கோச் காலித் ஜமீல் ஒருவர்தான். நாம் பத்து கோல் போட்டும் நமக்கு மேலே முடித்தாரே, அவரேதான். நம் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்கு ஆடியவர், இந்தியாவுக்கு ஆடியவர், இந்த ஊர் மைதானங்களின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிந்தவர். அவரை யாரோ ஒருவர் போன பிறகு மிச்சத்தைக் கூட்டிப் பெருக்கத்தான் கூப்பிட வேண்டுமா? கொய்லை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கழகம் நினைத்தால், வெளிநாட்டு விமானத்துக்குக் காத்திருக்கும் முன் பெரியமேட்டிலிருந்து ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ப் பேசலாம்.

அடுத்த மாதம் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை. அங்கேயும் தோற்றால் கொளத்தூர்க்காரரிடமிருந்து இன்னொரு கடிதம் வரும், போடுங்கள். அவருக்கு நேரம் இருந்தால் ஞாயிறு காலை 6 மணிக்கு வியாசர்பாடி பக்கம் வரச் சொல்லுங்கள். இருபது பொடிசுகளோடு மைதானத்தில் இருப்பேன், டீ என் செலவு. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அந்தச் செயலாளரிடம் திருப்பித் தராத விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பழைய லெஃப்ட் பேக்,
வியாசர்பாடி, சென்னை-39